ரெட் ஒயின் இப்படித்தான் துவர்க்குமா? கடுக்காய்த் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கிறது

சுண்ணாம்புக் கரண்டி (கானாடுகாத்தான்)

வணக்கம். பழைய வீடுகளைப் பழுது பார்க்கிற காண்ட்ராக்டர் நான். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் பதிப்பது, தேக்குத் தூணுக்கு மெருகு போடுவது என்று இருபத்தெட்டு வருடமாக இதே பிழைப்பு. குடிப்பழக்கம் பெரிதாகக் கிடையாது. சனிக்கிழமை சம்பளம் போட்ட பிறகு எப்போதாவது ஒரு பீர், அவ்வளவுதான். ஒயின் என்றால் எனக்குத் தெரிந்தது ஒயின்ஷாப். அங்கே ஒயினைத் தவிர எல்லாம் கிடைக்கும்.

போன தை மாதம் ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுத்தேன். வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார். சாமி கும்பிட்டு, பந்தி முடிந்த பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு பாட்டில் கொடுத்தார். "ஒண்ணும் ஒசத்தி கிடையாது, ஒவ்வொண்ணும் இருபத்தஞ்சு வெள்ளிக்குள்ளதான். ஆனா நல்ல ஃபுல் பாடி. வீட்ல ரெண்டு பேருமா உக்காந்து குடிங்க" என்றார். ஃபுல் பாடி என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. லாரிக்குக் கட்டுவதைத்தான் இதுவரை அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒன்று அர்ஜென்டினா சரக்கு, மால்பெக் என்று போட்டிருந்தது, தக்கை வைத்தது. இன்னொன்று ஆஸ்திரேலியா, ஷிராஸ், கீழே விக்டோரியா என்று போட்டிருக்கிறது. அது திருகு மூடி. தக்கை வைத்ததை சைட்டில் என் தகரக் கொட்டகையிலேயே பெஞ்சுக்கு மேலே நிறுத்தி வைத்துவிட்டேன், பயல்கள் யாரும் தொட மாட்டார்கள் என்று. மற்றதை வீட்டுக்கு எடுத்துப் போனேன், என் வீட்டுக்காரி அதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

கத்திரி எல்லாம் முடிந்து போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் மால்பெக்கைத் திறந்தேன். திறப்பான் கிடையாது. தக்கையில் இரண்டு அங்குல மரத் திருகாணியை இறக்கி, கட்டிங் பிளேயரால் பிடித்து இழுத்தேன். சுலபமாகவே வந்தது, ஏற்கெனவே கொஞ்சம் மேலே ஏறித்தான் இருந்தது. மேல் தகடு பிசுபிசு என்று ஒட்டியது. அன்றைக்கு வீட்டில் மிளகுக் கோழி வறுவல். எவர்சில்வர் டம்ளரில் பாதி ஊற்றி ஒரு மடக்கு குடித்தேன்.

என்னத்தைச் சொல்ல. அடிப்பிடித்த பேரீச்சம்பழப் பாகு மாதிரி ஒரு வாசனை. குடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பூச்சுக்குக் கடுக்காய் ஊற வைப்போம், அந்தத் தண்ணீர் பதமாகிவிட்டதா என்று ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அதே துவர்ப்பு. கோழியை ஒரு வாய் தின்றுவிட்டு மறுபடி குடித்தால் தொண்டையில் தீ. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுக்கா புடவைக்கு அடியில இடம் குடுத்தேன்" என்று போய்விட்டாள்.

ஆகவே கேள்வி. இது இப்படித்தான் இருக்குமா, இல்லை நான்தான் தப்பாகக் குடிக்கிறேனா? மிச்சம் இருக்கும் ஷிராஸை எப்படித் திறப்பது, எதோடு குடிப்பது? பிடித்துப் போனால் நம் பக்கம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறுக்குள் இந்த மாதிரி என்ன வாங்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கிண்டல் செய்தாலும் பரவாயில்லை.

ஒத்தையடிப் பாதை (திருமயம்)

அண்ணே, அந்த இருபத்தஞ்சு வெள்ளிக்கு எத்தனை குவார்ட்டர் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? ஆனாலும் ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்கள். மருந்தென்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுங்கள்.

பழைய கப்பல்காரன் (தேவகோட்டை)

சுண்ணாம்புக் கரண்டி அண்ணே, நீங்கள் குடித்தது ஒயின் இல்லை, ஒயினின் சடலம். கொன்றது தகரக் கொட்டகை.

நான் பதினேழு வருடம் பயணிகள் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்திலும் பாரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். தக்கை மேலே ஏறியிருந்தது, தகடு பிசுபிசுத்தது, அடிப்பிடித்த பாகு வாசனை என்று மூன்று சாட்சியையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும், ஓரத்தில் கசியும், காற்று உள்ளே போகும். பழ வாசனை செத்து, வெந்த வாசனை மட்டும் நிற்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே பகலில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? அந்தப் பாட்டிலை வைத்து மால்பெக்கை எடை போடாதீர்கள். பாவம், அதுவும் நம் ஆட்கள் மாதிரி கடல் கடந்து போய்ப் பிழைத்த ஜாதி. பிரான்சில் காவோர் பக்கத்துத் திராட்சை. 1853-ல் அர்ஜென்டினாவுக்குப் போனது. 1956 பிப்ரவரியில் விழுந்த பனி பிறந்த ஊரில் ஏராளமான கொடிகளைக் கருக்கிவிட்டது. போன இடத்தில் மெண்டோசா மலையடிவாரத்தில் அமோகமாக வாழ்கிறது. இன்றைக்கு மால்பெக் என்றாலே உலகம் அர்ஜென்டினாவைத்தான் நினைக்கிறது.

துவர்ப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் பாதி சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். கடுக்காயில் இருப்பதும் கறுப்புத் திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருப்பதும் உறவுக்காரச் சரக்கு, டானின் என்பார்கள். எந்தத் திராட்சையையும் உரித்து உள்ளே பாருங்கள், சதைக்குப் பெரும்பாலும் நிறமே இருக்காது. சாற்றைத் தோலோடும் கொட்டையோடும் சேர்த்துப் புளிக்க விடுவதால்தான் சிவப்பும் வருகிறது, துவர்ப்பும் வருகிறது. கப்பலில் வெள்ளைக்காரப் பயணிகள் இதை வர்ணிக்க வார்த்தை தேடித் திண்டாடுவார்கள். நமக்கு அறுசுவையிலேயே அதற்கு ஓர் இடம் உண்டு. வாழைப்பூ, நாவல்பழம், கொட்டைப்பாக்கு தின்று வளர்ந்த நாக்கு இதற்குப் பயப்படலாமா?

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி இன்னொன்று. செட்டிநாட்டுப் பூச்சில் கடைசிக் கைக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பீர்கள் இல்லையா? பிரான்சில் போர்டோ ஊரில் ரெட் ஒயினைத் தெளிய வைக்க இதே வெள்ளைக்கருவைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். 225 லிட்டர் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டை. வெள்ளைக்கரு முரட்டு டானினைப் பிடித்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். மேலே இருப்பதை வடித்து எடுத்தால் வாயில் வழவழ என்று இறங்கும். உங்கள் சுவர் மாதிரியே.

ஃபுல் பாடி என்பதும் வாயில் தெரிகிற விஷயம்தான். ரசத்துக்கும், அரிசி களைந்த தண்ணீரில் கெட்டியாக வைக்கிற மண்டிக்கும் இருக்கிற வித்தியாசம். ரசம் நாக்கில் ஓடிவிடும், மண்டி உட்கார்ந்து பேசும். நன்றாகப் பழுத்த திராட்சையில் சர்க்கரை அதிகம், சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது, ஆல்கஹால் கூடினால் கனம் கூடும். லேபிளில் சின்ன எழுத்தில் சதவீதம் போட்டிருக்கும், பாருங்கள். 13.5, 14 என்று இருந்தால் கனமானது. 12 என்றால் பெரும்பாலும் லேசானது. ஷிராஸ், கேபர்னே சாவிஞோன், மால்பெக் எல்லாம் கனமான கோஷ்டி.

இனி இரண்டாவது பாட்டில். புடவைக்கு அடியில் இருட்டில், உள்ளறையில் இருந்ததால் பிழைத்திருக்கும் என்று நம்புகிறேன். இப்படிச் செய்யுங்கள்.

ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று எல்லாரும் சொல்வார்கள். அது யார் வீட்டு அறை? கல் வீட்டில் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்த ஐரோப்பாக்காரன் அறை. 16 முதல் 18 டிகிரி. நம் முகப்பில் ராத்திரி எட்டு மணிக்கு 33 இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். அதனால் ஃபிரிட்ஜில் வையுங்கள். இருபது நிமிடம் போதும் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள். 33-ல் இருந்து இறக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அவசரம் என்றால் வாளியில் ஐஸும் தண்ணீரும் கலந்து பாட்டிலைக் கழுத்து வரை இறக்கி வையுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் பதம் வந்துவிடும். வெறும் ஐஸ் மட்டும் வைத்தால் நேரமாகும், தண்ணீர் கட்டாயம். பாட்டிலைத் தொட்டால் ராத்திரி திறந்து வைத்த மண்பானைத் தண்ணீர் அளவுக்கு ஜில் இருக்க வேண்டும், பீர் அளவுக்கு ஆகிவிடக் கூடாது. ரொம்ப ஜில்லிட்டுவிட்டால் துவர்ப்புதான் முன்னால் வந்து நிற்கும்.

எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் அண்ணே. உங்கள் தொழிலில் பழைய கண்ணாடிச் சாமான் பார்க்காத நாள் இருக்காதே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை போனால், வயிறு அகன்று வாய் குறுகின கண்ணாடிக் கிளாஸ் இரண்டு கிடைக்கும். வயிற்றின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மிச்ச இடம் வாசனைக்கு. கிளாஸைச் சோப்பு வாசனை போகக் கழுவுங்கள், இது முக்கியம்.

ஊற்றியதும் குடித்துவிடாமல் முக்கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். பொறுமை இல்லையென்றால் கண்ணாடி ஜக்கு இரண்டு எடுத்து டீ ஆற்றுவது மாதிரி நாலு தடவை ஆற்றுங்கள். விலை அதிகமான பழைய ஒயினுக்கு இந்த முரட்டுத்தனம் ஆகாது, இருபத்தைந்து வெள்ளிச் சரக்குக்குத் தாராளமாகச் செய்யலாம், அதனால் நன்றாகவே ஆகும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்.

வாங்குவதைப் பற்றி. உங்கள் பட்ஜெட்டில் நம் நாட்டுச் சரக்கே போதும். இறக்குமதி ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீதம் வரை சுங்கம், மேலே மாநில வரி வேறு. கொடுக்கிற காசில் பாதிக்கு மேல் ஒயினுக்குப் போகாது. நாசிக்கில் சூலா, பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலை அடியில் குரோவர், சோலாப்பூர் மாவட்டம் அக்லுஜில் ஃப்ராடெல்லி, இந்த மூன்று பெயரை நினைவில் வையுங்கள். சூலாவில் ஷிராஸ் கலந்தது எதுவானாலும் முதலில் எடுங்கள். குரோவர் லா ரெசர்வ் கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. விலை ஒரு படி மேலே போகும், ஆனால் கனமென்றால் என்ன என்று அதில் தெரியும். டாஸ்மாக் எலைட் கடையில் கேளுங்கள். சாதாரணக் கடையில் ஒயின் என்று கேட்டால் சர்க்கரைப் பாகு மாதிரி போர்ட் ஒயினை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு சாமான், பாயசத்துக்குத் தம்பி.

வாங்கும்போது வருடம் பாருங்கள். விலை மலிவானதில் நாலைந்து வருடத்துக்கு மேல் பழசு வேண்டாம். பழசானால் உசத்தி என்பது நன்றாகச் செய்த, நன்றாகக் காப்பாற்றிய ஒயினுக்கு. கடை ஜன்னல் ஓரம் வெயில் படுகிற பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். திருகு மூடி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், நம் வெயிலுக்கு நான் திருகு மூடியைத்தான் எடுப்பேன்.

சுண்ணாம்புக் கரண்டி

தம்பி, ஒயினின் சடலம் என்று படித்ததும் மனசு உடைந்துவிட்டது. ஆனால் முட்டை விஷயத்தைக் கொத்தனார்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். பெரிய கொத்தனார் கேட்கிறார்: "அப்ப அவுங்க மஞ்சக் கருவ என்ன பண்ணுவாக?" பதில் தெரிந்தால் சொல்லுங்கள். இங்கே பந்தயம் ஓடுகிறது.

பட்டாலைத் தூண் (பள்ளத்தூர், இப்போது அடிலெய்டு)

முதலில் திருமயம் தம்பிக்கு. இதயத்துக்கு நல்லது என்ற கதையை விட்டுவிடுங்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ருசிக்காக எப்போதாவது குடிக்கிறோம் என்று ஒத்துக்கொண்டு குடிப்பதுதான் மரியாதை. சுண்ணாம்புக் கரண்டி அண்ணன் சர்க்கரைக்கோ ரத்தக் கொதிப்புக்கோ மாத்திரை போடுகிறவராக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் கேட்ட சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், கப்பல்காரர் அதைத் தொடவே இல்லை. மிளகுக் கோழியோடு குடித்தால் தீ பிடிக்கத்தான் செய்யும். ஆல்கஹால் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும், துவர்ப்பும் காரமும் சேர்ந்தால் வாய் புண்ணான மாதிரி இருக்கும். இங்கே வந்த புதிதில் எங்கள் வீட்டு உப்புக்கறியைச் சமைத்து, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த பரோசா ஷிராஸைத் திறந்தோம். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒயினால் என்று அவர் சொன்னார். வரமிளகாய் பதினெட்டு போட்டது எனக்குத்தானே தெரியும்.

கொழுப்பும் உப்பும் புரதமும்தான் துவர்ப்பை அடக்கும். ஆகவே ஆடு. நல்லி எலும்பு போட்டு, தேங்காய் அரைத்து ஊற்றின வெள்ளைக் குருமா வையுங்கள். கறிக்கோலா உருண்டை ரொம்பப் பொருத்தம். பொட்டுக்கடலையும் சோம்பும் கசகசாவும் சேர்வதால் ஒயினோடு சண்டை போடாது. மிளகாயைப் பாதியாக்குங்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே நெருப்பு என்று ஊர் ஊராகப் போர்டு மாட்டியவர்கள் நம் வீட்டு ஆயாக்கள் சமைத்துச் சாப்பிட்டதில்லை. எங்கள் ஆயா கைக் கறிக்குழம்பில் கல்பாசியும் பட்டையும் அன்னாசிப்பூவும்தான் முன்னால் நிற்கும், காரம் பின்னால் வரும். அந்த மாதிரிச் சமையலுக்குக் கனமான ஷிராஸ் அப்படிப் பொருந்தும். மீன், நண்டு, புளிக்குழம்பு மூன்றும் வேண்டாம். மீனோடு குடித்தால் வாயில் இரும்பு நக்கின ருசி வரும்.

இன்னும் ஒன்று. உங்கள் பாட்டில் விக்டோரியா ஷிராஸ் என்றீர்கள். அங்கே குளிர்ந்த பகுதிகளில் விளையும் ஷிராஸில் மிளகு வாசனை வரும். மிளகு மாதிரி என்று உவமைக்குச் சொல்லவில்லை, மிளகேதான். ரொட்டண்டோன் என்ற பொருள், மிளகுக்கு அந்த மணத்தைக் கொடுப்பதும் அதுதான், ஷிராஸில் வருவதும் அதுதான். 2008-ல் எங்கள் ஊர் ஒயின் ஆராய்ச்சிக் கழகத்து ஆட்கள்தான் கண்டுபிடித்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஐந்து பேரில் ஒருவர் மூக்குக்கு அது சுத்தமாகத் தெரியாதாம். எங்கள் வீட்டில் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஏதோ அலட்டிக்கொள்கிறேன் என்று நினைத்திருக்கிறார். திறந்த அன்று வீட்டில் அவர்களிடமும் ஒரு முறை முகரக் கொடுத்துப் பாருங்கள்.

கம்பம் காற்று (சின்னமனூர்)

எல்லாரும் நாசிக், அர்ஜென்டினா என்கிறீர்கள், எங்கள் பன்னீர் திராட்சையை யாரும் கேட்கவில்லை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறோம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒயின் போடுகிறவர்கள் இதில்தான் போடுவார்கள்.

பழைய கப்பல்காரன்

கம்பத்துத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். பன்னீர் திராட்சை தின்பதற்கு ராஜா. மஸ்கட் ஹாம்பர்க் அதன் பிறந்த பெயர். ஆனால் தோல் மெல்லிசு, துவர்ப்பு குறைவு, பெயரிலேயே பன்னீர் வாசனை. அதில் மணமான லேசான ஒயின் வரும், அண்ணன் கேட்கிற கனம் வராது. ஒயினுக்கென்று வளர்க்கிற ஷிராஸ் பழம் பொடிசு பொடிசாக, தோல் தடித்து இருக்கும். வாயில் போட்டால் கொட்டையைத் துப்புவதற்கே நேரம் சரியாக இருக்கும்.

அண்ணே, மஞ்சள் கருவுக்கு: போர்டோவில் கனெலே என்று ஒரு பலகாரம். சின்ன அச்சில் வார்த்து, மேலே கருகின பாகு நிறத்தில் மொறுமொறு என்றும் உள்ளே பணியாரம் மாதிரி மெத்தென்றும் இருக்கும். ஒயின்காரர்கள் கழித்த மஞ்சள் கருவில்தான் அது பிறந்தது என்று அந்த ஊரில் கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, கப்பலில் நான் எண்ணிக்கை இல்லாமல் தின்றிருக்கிறேன்.

சுண்ணாம்புக் கரண்டி

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி திறந்துவிட்டோம். விவரம் எழுதுகிறேன், நீளமானால் மன்னியுங்கள்.

சாயங்காலமே சொல்லிவைத்து ஐஸ் வாங்கினேன். சுண்ணாம்பு கலக்காத புது வாளி ஒன்று இருந்தது. பன்னிரண்டு நிமிடம் கைபேசியில் மணி வைத்துப் பார்த்தேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கின கிளாஸ் இரண்டு, ஒன்றின் விளிம்பில் துளி சில்லு போயிருக்கிறது, அது எனக்கு. கடைக்காரர் பெல்ஜியம் என்றார். அடியைத் திருப்பிப் பார்த்தேன், பிரோசாபாத் என்றுதான் எனக்குப் பட்டது. வாதாடவில்லை.

மூடியைத் திருகினதும் டக்கென்று ஒரு சத்தம். பிசுபிசுப்பு இல்லை. கிளாஸில் ஊற்றி விளக்குக்கு எதிரே பிடித்தால், பழைய வீட்டு மேல்சன்னலில் பதித்திருக்கும் சிவப்புக் கண்ணாடி இருக்கிறதே, வெயில் படாத நேரத்தில் அது காட்டுகிற நிறம். ஓரம் மட்டும் கத்திரிப்பூ ஊதா. உடனே ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், பொறுக்கவில்லை. துவர்ப்பு இருந்தது, ஆனால் கடுக்காய் இல்லை. நாவல்பழம் தின்றுவிட்டு ஒரு நிமிடம் கழித்து நாக்கு இருக்குமே, அந்த அளவு.

முக்கால் மணி நேரம் கழித்துக் குடித்ததுதான் ஆச்சரியம். அதே பாட்டில், அதே கிளாஸ், முனைகள் எல்லாம் மழுங்கிவிட்டன. புதுப் பூச்சைக் கையால் தடவினால் நறநற என்று இருக்கும், கூழாங்கல் வைத்துத் தேய்த்த பிறகு தடவினால் வேறு. அந்த வித்தியாசத்தை நான் வாயில் பார்த்தது இதுதான் முதல் தடவை. விழுங்கின பிறகும் கொஞ்ச நேரம் போகாமல் நின்றது. மண்டி என்று தம்பி சொன்னது சரிதான். உட்கார்ந்து பேசுகிறது.

பள்ளத்தூர் ஆச்சி சொன்னபடி கோலா உருண்டை, நல்லிக் குருமா. மிளகாயைக் குறைக்கச் சொன்னதற்கு வீட்டில் ஒரு முறைப்பு வந்தது, ஆனாலும் குறைத்தாள். கோலாவைக் கடித்துவிட்டுக் குடித்தால் துவர்ப்பு இருந்த இடமே தெரியவில்லை. அப்புறம் குசும்புக்கு நான் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு தொட்டுப் பார்த்தேன். அதைச் செய்யாதீர்கள்.

மிளகுக் கதை. முகரக் கொடுத்தேன், முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முன்பே அவள், "என்னங்க இது, மிளகு தட்டிப் போட்டிருக்கா?" என்றாள். நான் முகர்ந்தேன். ஏதோ பழம், கொஞ்சம் புகை, மரம் அறுக்கிற இடத்து வாசனை. மிளகு இல்லை. மறுபடி முகர்ந்தேன், இல்லை. டப்பாவில் இருந்து நாலு மிளகை எடுத்து நசுக்கி மூக்குக்கு நேரே வைத்தேன், நெடி ஏறித் தும்மினேன். ஆனால் அவள் சொல்கிற அந்த மணம் எனக்குத் தெரிகிறதா என்றால் சத்தியமாகச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடமாக மிளகு ரசத்தில் வாசனை தூக்கலாக இருக்கிறதா என்று கேட்பாள், நானும் இருக்கு இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்று அதைப் பிடித்துவிட்டாள்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு கிளாஸ்தான். மிச்சத்தை மூடித் திருகி ஃபிரிட்ஜில் மாவுத் தூக்குக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறது. எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லுங்கள். அடுத்த வாரம் மதுரை போகிறேன், எலைட் கடையில் கப்பல்காரத் தம்பி சொன்ன குரோவரைக் கேட்டுப் பார்க்கிறேன். சைட்டில் இனிமேல் எதையும் வைப்பதில்லை.

பழைய கப்பல்காரன்

ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாராளம் அண்ணே. குடிக்கும் முன் கொஞ்ச நேரம் வெளியே எடுத்து வையுங்கள். நாலாம் நாள் பிடிக்கவில்லையென்றால் கறியில் ஊற்றிச் சுண்ட வையுங்கள். பந்தயம் என்ன ஆச்சு?

சுண்ணாம்புக் கரண்டி

யாரும் ஜெயிக்கவில்லை. கேக்கு என்று பாதிப் பேர், ஆம்லெட் என்று பாதிப் பேர். பணியாரம் மாதிரி என்று நீங்கள் எழுதினதைச் சொன்னதும், பணியாரத்தில் முட்டையா என்று பெரிய கொத்தனார் முகத்தைச் சுளித்துவிட்டார். எங்கள் சைட்டு மஞ்சள் கருவெல்லாம் முக்குப் புரோட்டாக் கடைக்குப் போகிறது. இந்த வாரம் கொடுத்தது ஒரு தூக்குவாளி. முட்டைப் புரோட்டா விலை மட்டும் இறங்கவே இல்லை.